தட்டுவதற்கு முன் போட்ட கோடு

என் அக்காவின் கணவரை எங்கள் பஸ் டிப்போவில் எல்லோரும் ‘சுத்தியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கிளம்பும் முன் சக்கர நட்டுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஓசையிலேயே இறுக்கம் தெரிந்துவிடும். தட்டிய பிறகு அந்தச் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். இவரோ எல்லாச் சக்கரத்திலும் முதலில் கோடு போட்டுவிட்டுத்தான் தட்ட ஆரம்பிப்பார். கேட்டால், "எப்படியும் தட்டத்தானே போறேன்" என்பார். சோம்பலுக்கு என்னவொரு சமாதானம்!

அன்று கடைசிச் சக்கரத்துக்கு முன் மேனேஜர் கூப்பிட்டார். போய் வந்தவர் கோட்டைப் பார்த்தார். தட்டியாயிற்று என்று பஸ்ஸை அனுப்பிவிட்டார். வளைவில் அந்தச் சக்கரம் கழன்றது. டிரைவருக்கு ஒரு கால் போயிற்று. மெதுவாக ஓட்டுவதால் ‘ஆமை’ என்று நாங்கள் கேலி செய்யும் மனிதர் அவர். அறிக்கையில் அவர்மேல் அதிவேகம் என்று எழுதினார்கள். சக்கரத்தில் கோடு இருந்ததால் மாமாவை யாரும் சந்தேகப்படவில்லை.

வீட்டில் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார்.

"இது நடக்கும்னு கடவுளுக்கு முன்னாடியே தெரியும். நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றாள் அக்கா.

நானும் ஒத்து ஊதினேன். "வேலை போயிடும் மாமா, வாயைத் திறக்காதீங்க." இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நானும்தான் முன்னாடியே கோடு போட்டேன். அது என் கையைப் பிடிச்சுத் தட்ட வச்சுதா? கடவுளுக்குத் தெரிஞ்சது மட்டும் எப்படி என் கையைக் கட்டிப்போடும்?" என்றார் மாமா.

"உங்க கோடு பொய்யாப் போச்சு. அவருக்குத் தெரிஞ்சது பொய்யாகுமா?" என்றாள் அக்கா.

மாமா மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

விபத்து விசாரணை அறை வாசலில் மாமாவிடம் கேட்டேன், "என்ன சொல்லப் போறீங்க?"

"கடவுளுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியல."

உள்ளே ஊன்றுகோலோடு டிரைவர் உட்கார்ந்திருந்தார். "கோடு இருக்கே, தட்டிப் பார்த்தீங்கல்ல?" என்றார் அதிகாரி. தலையை ஆட்டினால் போதும். மாமா அந்த ஊன்றுகோலைப் பார்த்தார்.

"இல்ல சார். கோடு மட்டும்தான் போட்டேன்."

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த அக்கா அழுதாள். "இப்படிச் சொல்வீங்கன்னும் கடவுளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கட்டும். சொன்னது நான்தானே?" என்றார் மாமா. "அப்ப தட்டாம விட்டதும் நான்தான்."