தங்கை விற்ற வீடும் அதன் வரியும்

என் தங்கை முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தாள். வேலை முடிந்ததும் வசூலைக் கடைசிச் சில்லறைவரை டிப்போவில் கட்டிவிட்டு, வெறும் பையோடுதான் வீட்டுக்கு வருவாள். அடுத்தவர் காசு கையில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல் போனதும், தன் பேரில் இருந்த வீட்டை ஒரு செவ்வாய்க்கிழமை விற்றாள். பிள்ளைகளுக்கென்று நினைத்த பணம் என்பதால், அன்று மாலையே மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி அனுப்பிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, வருமான வரிக் கணக்குக் கொடுக்க அவளை ஆடிட்டரிடம் அழைத்துப் போனேன். வீடு விற்றதற்கு அவள் வரி கட்ட வேண்டும் என்றார் அவர்.

"பணம்தான் எங்கிட்ட இல்லையே, சார். அதை வாங்கின பிள்ளைங்கதானே வரி கட்டணும்?" என்றாள்.

"இல்லம்மா. பிள்ளைங்களுக்குக் குடுத்தது அன்பளிப்பு, அதுக்கு அவங்களுக்கு வரி கிடையாது. ஆனா வீட்டை வித்த லாபம் உங்களோடது. அதுக்கு வரியை எடுத்து வச்சுட்டு மிச்சத்தைக் குடுத்திருக்கணும்."

வரி அவளுடைய பதினாறு மாத ஓய்வூதியம். பிள்ளைகளிடம் அவள் அதுவரை ஒரு காசு கேட்டதில்லை.

இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் என் எதிரிலேயே மகனை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ நீ குடுத்தது அன்பளிப்பா, கைமாத்தாம்மா?" என்று அவன் சீண்டினான்.

"அன்பளிப்புதான்டா. அதைத் திருப்பிக் கேக்கல. இப்போ நீயும் உன் அக்காவும் எனக்கு ஒரு அன்பளிப்பு குடுங்க. அதுக்கும் வரி கிடையாதாம், ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டேன்."

மறுநாளே இருவரும் அனுப்பினார்கள். கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பே வரி கட்டியாயிற்று.