ஆமைக்குத் திறந்த கதவு

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், ஒரு பனிக்கால மாலையில், மாமா கண்ணாடித் தொட்டியொன்றை அணைத்தபடி வந்து நின்றார். அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் வசித்தார். சிறியதொரு மீன்காட்சிசாலையில் அவருக்கு வேலை. அங்கே வெப்பமூட்டி பழுதாகிவிட, முதலாளியின் சம்மதத்தோடு ஓர் உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆஸ்திரேலியச் சதுப்புநிலங்களுக்குரிய நெடுங்கழுத்து ஆமை அது.

அம்மா கதவை மறித்துக்கொண்டார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது எங்கள் வீட்டில் சட்டத்துக்குச் சமம்.

"டேய், உந்த ஆமையை உள்ள கொண்டு வராதை!"

"கழுத்தைப் பாருங்கோ அக்கா, பாதி பாம்பு. நாகதம்பிரான் சாமி எண்டு நினைச்சு விடுங்கோவன்."

"அப்ப மற்றப் பாதி?"

மாமா தரையில் வைத்த தொட்டியருகே நான் குந்தியிருந்து பார்த்தேன். ஓட்டின் நீளத்துக்குச் சற்றே குறைந்த அந்தக் கழுத்தை அதனால் நேராக உள்ளிழுக்க முடியாது. பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்குள் ஒதுக்கிக்கொண்டது. குளம் வற்றினால் வேறு நீர் தேடித் தரைவழியே நெடுந்தூரம் நடக்கும் என்றார் மாமா. கிடைக்காவிட்டால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்குமாம். ஆனால் ஒஸ்லோவின் குளிரில் ஓரிரவும் தாங்காது. ஓர் உயிரை அதன் நீரிலிருந்து இவ்வளவு தொலைவுக்குக் கொண்டுவருவது தகுமா என்று இன்றென்றால் கேட்டிருப்பேன். அன்று அழ மட்டுமே தெரிந்தது.

அழுகை கேட்டு அப்பா வந்தார். தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இஞ்சேரும், ஊரிலை சண்டைக்குள்ள ஷெல்லடியிலை இடிஞ்ச எங்கட வீட்டுக்குள்ள எந்த ஆமை வந்தது?"

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. யாரும் அதை மீண்டும் போடவில்லை.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா" என்றார் அம்மா, தம்பியிடம்.

தொட்டி வரவேற்பறைச் சூட்டில் அமர்ந்தது. சமையலுக்கு வைத்திருந்த இறாலொன்றை அம்மாவே அதற்குள் போட்டார். மடிந்திருந்த கழுத்து பாம்பாய்ப் பாய்ந்து கவ்வியது. மாமா கைதட்டினார், அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அந்த வழக்கில் அப்பா ஒரே கேள்வியால் வென்றுவிட்டார் என்று பெருமையோடு அவரைத் தேடினேன். குளிருக்கான மேலங்கி இல்லாமல், பால்கனியில், பனியைப் பார்த்தபடி நின்றிருந்தார். பால்கனிக் கண்ணாடிக் கதவைத் தட்டினேன், அவர் திரும்பவில்லை. வென்றவர் ஏன் வெளியே போய் நிற்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.