அம்மாவின் சுருதி

கித்தார் கம்பிகளில் ஏறியிருந்த துரு ஞாயிற்றுக்கிழமைகளில் என் விரல்நுனிகளுக்கு வந்துவிடும். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானச் சோற்றில் இரும்பு வாடை அடிக்கும். அப்போது எனக்குப் பதினான்கு வயது. புக்கிட் ரோத்தானை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில், முன்பு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்சென்ற "ஆயாக் கொட்டாய்" என்னும் பலகைக் கட்டடத்தில்தான் எங்கள் சபை கூடியது. நாற்பது பேர் வந்தால் அதிகம். மேளமோ கீபோர்டோ கிடையாது. பள்ளியில் கற்ற, சுரங்களைச் சேர்த்து மீட்டும் நாலு கார்டை வைத்துக்கொண்டு நான் வாசிக்கும் கித்தார்தான் ஆராதனைக்கு இசை.

எனக்கு முன்னால் பாட்டை நடத்தியவர் அம்மா. கையைத் தட்டிக்கொண்டே அவர் உச்சத்தில் எடுத்துக்கொடுத்தால் தொழிலாளர்களின் லயத்து வீடுகள்வரை கேட்கும் என்பார்கள். கழுத்தில் வளர்ந்த கட்டியை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்த பிறகு அந்தக் குரல் இறங்கிக் கரகரத்துப்போனது. "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர். ஓராண்டாகியும் திரும்பவில்லை. அம்மா கடைசி வரிசைக்குப் போய், பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பாஸ்டரின் மனைவி அம்மாவின் இடத்தில் என்னை நிறுத்தினார். நானும் அம்மா பாடிய அதே உயரத்தில்தான் எல்லாப் பாட்டையும் தொடங்கினேன். தாழ்த்தினால் அவரைக் குறைத்ததாகிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு சனிக்கிழமை மழையில், அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, நான் வீட்டிலிருப்பதை மறந்து ஒரு பாட்டை முணுமுணுத்தார். மிகவும் தாழ்ந்த சுருதி, ஆனால் எங்கும் பிசகவில்லை. நான் அறைக்குள்ளிருந்தே ஒவ்வொரு கார்டாக, அடுப்படிக்குக் கேட்காமல் மெல்ல மீட்டிப் பார்த்து, அவர் எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று கண்டுபிடித்தேன்.

மறுநாள் ஆராதனையில் அதே பாட்டை அந்தச் சுருதியிலேயே தொடங்கினேன். எனக்கு அவ்வளவு கீழே குரல் எட்டவில்லை. முதல் சரணத்திலேயே காற்றுதான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல் எழுந்தது. பலர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா புத்தகத்தால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு பாடினார். நான் பாடுவதை விட்டுவிட்டு வாசிக்க மட்டும் செய்தேன். தாளம் இரண்டு முறை தவறியது.

ஆராதனை முடிந்ததும் ஒரு மாமா, "சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்குலா" என்றார். வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவும் சந்தோஷப்படவில்லை.

"இனிமே அப்படிப் பண்ணாத. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

"பாக்கட்டும்மா."

ஆனாலும் அடுத்த ஞாயிறு ஒரே ஒரு பாட்டைத் தாழ்த்தித் தொடங்கினேன். அம்மா பாடினார். அன்றிலிருந்து வாரம் ஒரு பாட்டு அந்தச் சுருதியில் என்றாகிவிட்டது. பிறகு அந்த மாமாவும், தனக்கு அதுதான் வசதியாக இருக்கிறது என்று அதில் மட்டும் சேர்ந்து பாடினார். முன்னால் வந்து நிற்கச் சொல்லிச் சபையார் எத்தனையோ முறை கேட்டார்கள்; அம்மா வரவேயில்லை.

அந்தக் கட்டடம் இன்றில்லை. சபை டவுனில் ஒரு கடைவீட்டு மாடிக்கு மாறிவிட்டது. டிரம்ஸ் இருக்கிறது, வரிகள் திரையில் ஓடுகின்றன. நான் ரவாங் நகரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வேறொரு சபையில் பாட்டு நடத்துகிறேன். அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தால், "உங்க அம்மா அந்தக் காலத்துல எப்படிப் பாடுவாங்க தெரியுமா" என்று அந்த உச்சக் குரலைத்தான் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் எவ்வளவு முயன்றாலும் அந்தக் குரல் என் காதில் வருவதில்லை. கரகரத்த குரல் மட்டும்தான் இருக்கிறது.