கர்த்தர் போடாத கையெழுத்து

இங்கே ஞாயிறு ஆராதனையில் முட்டைக்கோஸ் வாடை வரும். கடல் தாண்டிய மலையூரான திரிங்காப்பில் காய்கறி கட்டும் கொட்டகையின் மேல்மாடிதான் எங்கள் சபை. வாசலில் செருப்புகளுக்குப் பதில் சேறு படிந்த ரப்பர் பூட்ஸ் வரிசையாக நிற்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கைதட்டிப் பாடுவார்கள். சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் தூணுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் உண்டு. முப்பது வருடம் அங்கே உட்கார்ந்தும் போதகருக்கு என் பெயர் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவன். எனக்கு அதுவே சௌகரியம். இங்கே மொத்தமே பதினைந்து பேர். தூணும் கிடையாது.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸோடு ஊருக்கே வந்துவிடுவதாக என் மனைவி ராணிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், ஒரு தாளை நீட்டி, "இன்னும் ரெண்டு வருசம் இருப்பீங்கதானே?" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்றவர்கள் சம்பாத்தியத்துக்காகக் கடல் தாண்டி இருக்கிறார்கள். நான் கூச்சத்தால் இருக்கிறேன். ராணியிடம் மட்டும், "கர்த்தரோட சித்தம் இப்படி இருக்கு" என்றேன். அவள் போனை வைத்தாள். அதன் பிறகு இரண்டு மாதம் எடுக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் பக்தி வந்தது. இங்கே வந்ததிலிருந்து பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டியவன் வாராவாரம் சபைக்குப் போனேன். ஜெப விண்ணப்பம் எழுதிப் போட அங்கே ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதைப் போதகர் தனியே வாசித்து ஜெபிப்பார். அந்த நினைப்பில், 'ஒரு சகோதரனிடம் மனைவி பேசுவதில்லை. கர்த்தர் காரணத்தை வெளிப்படுத்த வேண்டும்' என்று பெயரில்லாமல் எழுதிப் போட்டேன். காரணம் எனக்குத் தெரியும். கர்த்தர் வேறு நல்ல காரணம் ஏதாவது வைத்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

இங்கே அதை மைக்கில் வாசிப்பது வழக்கமாம். பாஸ்டர் வாசித்தார். சபையில் ஆண்கள் நாலே பேர்: பாஸ்டர், மனைவியை இழந்த ஒருவர், கல்யாணமாகாத ஒருவர், நான். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பின்வரிசை அக்கா ஒருவர், "கவலப்படாதீங்க அண்ணே, எங்க வீட்டுக்காரரு பேசாம இருந்தா நான் சபையில எழும்பி ஆண்டவருக்கு நன்றின்னு சாட்சியே சொல்லுவேன்லா" என்று தேற்றினார்.

பாஸ்டர் வாரநாளில் காய்கறி லாரி ஓட்டுகிறவர். புதன்கிழமை கவுன்சலிங்குக்கு வரச் சொன்னார். தலையில் கைவைத்து ஜெபிப்பார் என்று எண்ணெய் வைக்காமல் போனேன். அவரோ என்னை லாரியில் ஏற்றி உட்காரவைத்து, பின்னால் கோஸ் கூடைகள் ஏறி முடியும்வரை கேள்வி கேட்டார். தாள் விஷயம், ராணியிடம் சொன்னது எல்லாம் வெளியே வந்தது.

"தாள்ல யாரு அண்ணே கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"அப்பறம் அண்ணிகிட்ட ஏன் ஆண்டவரு போட்ட மாதிரி சொன்னீங்க?"

நான் லாரிக் கண்ணாடியைப் பார்த்தேன். அதிலும் நான்தான் இருந்தேன்.

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்லா. ஒன்னும் தெரியாதது அண்ணிக்குத்தான். அவங்ககிட்ட சொல்லுங்க."

அன்று மாலை, சிக்னல் கிடைக்கிற சாலை மேட்டில் தூறலில் நின்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் ஜெபத்தில்தான். வேறு விதம் தெரியாது. கண்ணை மூடினேன். "நான் பயந்தாங்கொள்ளி. கிராணிகிட்ட முடியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டேன். பழியத் தூக்கிக் கர்த்தர் மேல போட்டேன். என்னை மன்னியும். ஆமென்." ஆமென் வாயில் வந்த பிறகுதான் யாருக்கு அனுப்புகிறேன் என்று உறைத்தது. அதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

உடனே போன் அடித்தது.

"மன்னியுமா? நான் என்ன பரலோகத்துலயா இருக்கேன்?" ராணிதான். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "சரி, இப்பமாவது நெசத்தச் சொல்லுங்க. உங்களுக்கு இங்க வரணுமா, அங்க இருக்கணுமா?"

"கர்த்தர்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர விடுங்க. உங்களத்தான் கேக்கேன்."

நாற்பத்தெட்டு வயதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் குரலுக்குப் பின்னால் எங்கள் தெரு வெயிலில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"சொல்லிட்டுத்தான் வைக்கணும்" என்றாள்.

நான் வைக்கவில்லை. போனை அழுத்திய காது சுட்டது. மறு காதில் மழை வழிந்துகொண்டிருந்தது.