மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்

டெய்லரம்மாவுக்குக் கோபம் வந்தால் தையல் மெஷினுக்குத்தான் முதலில் தெரியும். அவள் மிதிக்கிற மிதியில் அது தடதடவென்று அதிரும். உள்ளறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் தங்கை தலையை நீட்டி, "இன்னிக்கு யாரு மாட்டுனது?" என்று கேட்பாள். கொஞ்ச காலமாக அதற்கு ஒரே பதில்தான். "எந்த நாயோட மொதலாளின்னு தெரிஞ்சா சொல்றேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டின் முன்னறைதான் கடை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பேருக்கும் சோறு போட்டது அந்த அறைதான். வெட்டுகிற மேஜை சின்னது என்பதால் நீளமான துணியைத் தரையில்தான் விரிப்பாள். முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வெட்டுவாள். அப்படி ஒரு மேடைப் பாடகி கொடுத்த வெளிர்மஞ்சள் பட்டை விரித்து வைத்திருந்த நாளில், வாடிக்கைக்காரி ஒருத்தி கைக்குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டாள். வண்டிச் சக்கரம் தெருவில் எதன்மேல் ஏறி வந்ததோ, அது பட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடாக விழுந்தது. அலசினாள், படர்ந்தது. மறுபடி அலசினாள், நாற்றம் மட்டும் போயிற்று. பாடகி துணியை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளும் வரவில்லை, அவள் கூட்டிவந்த தோழிகளும் வரவில்லை.

மறுநாளே டெய்லரம்மா களத்தில் இறங்கிவிட்டாள். துணியில் அளவு குறிக்கிற மஞ்சள் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் நாய் அசிங்கம் கிடந்த இடத்தையெல்லாம் சுற்றி வட்டம் போட்டாள். நடந்து போகிறவர்களுக்கு எச்சரிக்கை, போடவிட்டுப் போனவர்களுக்கு வெட்கம். காகிதக் கோப்பைக்கும் பிஸ்கட் உறைக்கும்கூட வட்டம் விழுந்தது. தெருவில் அவளுக்கு வட்டச் செயலாளர் என்று பட்டம் கொடுத்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. நாய் வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. பையும் கையுமாக நடக்க ஆரம்பித்தார்கள். வட்டங்கள் குறைந்தன. ஆனாலும் விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒன்று மட்டும் நாள் தவறாமல் விழுந்துகொண்டே இருந்தது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவள்தான் எழுந்து சொன்னாள். யாருடைய நாய் என்று தெரிந்தால் அந்த நாய் தெருவை விட்டே போக வேண்டும், சமாதானப் பேச்சே கூடாது என்று. எல்லோரும் கை தூக்கினார்கள். சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. எதற்கும் முத்திரை குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவர் அதை விதியாகவே எழுதிக்கொண்டு, "நாள் பூரா ஜன்னல்ல உக்காந்திருக்கிறது நீங்கதான். அடுத்த கூட்டத்துல யாருன்னு நீங்க சொல்லணும்" என்று பொறுப்பையும் அவள் தலையில் கட்டினார்.

அந்தக் கூட்டத்தில் அவள் உதாரணம் காட்டிய ஆள் ஒருவர் உண்டு. "டிரைவர் அண்ணனப் பாத்துக் கத்துக்குங்க" என்றாள்.

டிரைவர் அண்ணன் தெருக்கோடி வீட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டாள். மகள் வேறு ஊரில், நாய் வளர்க்க அனுமதியில்லாத அடுக்குமாடியில் இருந்தாள். "இங்க வந்துடுங்கப்பா" என்று தினமும் போனில் கூப்பிடுவாள். அவர் போகாததற்குக் காரணம் தவிட்டு நிறத்தில் ஒரு காது மடிந்த நாய். தட்டில் வைத்ததை உடனே சாப்பிடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும். கெஞ்சிக் கூப்பிட்டால்தான் வாய் வைக்கும். அதனால் அவர் மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்து இடுப்பு வளையாமல் போனதால், பழைய தகர டின்னை வெட்டி, துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாக மாட்டி, நின்றபடியே அள்ளுவதற்கு ஒரு கரண்டி செய்து வைத்திருந்தார். காலையில் நாயும் கரண்டியுமாக அவர் போவதைப் பார்த்தால் ஏதோ திருவிளையாடலுக்குப் புறப்பட்டது போலிருக்கும். அள்ளுவார், பையில் போடுவார், முடிச்சுப் போடுவார், ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டுவார். டெய்லரம்மாவும் ஆட்டுவாள்.

மழை விட்ட ஒரு காலை. மாப்பிள்ளை கம்பத்தடியில் காரியத்தை முடித்தது. அண்ணன் அள்ளினார், முடிச்சுப் போட்டார், கை ஆட்டினார். டெய்லரம்மாவும் ஆட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். பால் வாங்கப் போன தங்கை கொஞ்ச நேரத்தில் ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பி வந்தாள்.

"எங்கடி மிதிச்ச?"

"கம்பத்துகிட்ட. இன்னும் சூடு ஆறல."

அதற்குள் வேறு நாய் எதுவும் வரவில்லை. டெய்லரம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அப்படியானால் அள்ளுவது, கட்டுவது, கை ஆட்டுவது எல்லாமே நடிப்பு. இவளை வேடிக்கைப் பொருளாக்கி, இவள் ஜன்னலுக்கு எதிரிலேயே நாடகம். ஊருக்கு முன்னால் புகழ்ந்து பேசிய வாய்தான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

அவர் கதவைத் திறந்தபோது சட்டைப் பித்தான்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்தன. அதைத் திருத்தச் சொல்லும் மனநிலையில் அவள் இல்லை.

"வாங்கம்மா, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது மாப்பிள்ளையோடது."

"உக்கார வரலண்ணே. காலையில கம்பத்துகிட்ட அள்ளுனீங்களா?"

"அள்ளாம? நீங்கதான் பாத்துட்டு இருந்தீங்களே."

"அள்ளுற மாதிரி பாத்தேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "மாதிரியா? அத்தன வருஷம் வண்டி ஓட்டுனேன், ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்ல. இந்த வயசுல போயி இதுல ஏமாத்துவேனா?" என்றவர் சுவரைத் தொட்டபடி பின்கட்டுக்குப் போய், குப்பைத் தொட்டியிலிருந்து காலையில் கட்டிய பையை எடுத்து வந்தார். "தள்ளி நில்லுங்க, நாறும்" என்றார். முடிச்சை அவிழ்த்து, தன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பையின் வாயை அவள் பக்கம் அகலமாக விரித்துப் பிடித்தார்.

"பாத்தாச்சா?"

பைக்குள் ஊறிப்போன இலைகள் கிடந்தன. அவற்றோடு தவிட்டு நிற வெல்வெட் துண்டு ஒன்று. வெள்ளை லைனிங் துணியின் ஓரம் ஒன்று. அதில் மஞ்சள் சாக்குக்கட்டியில் போட்ட கோடு. அவள் போட்ட கோடு.

ஒவ்வொரு சாயங்காலமும் கடையைப் பெருக்கி, வெட்டித் தள்ளிய துண்டுகளையும் நூலையும் வாசற்படிக்கு வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது அவள் வழக்கம். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். பிஸ்கட் உறைக்கு வட்டம் போட்டவளுக்கு இது ஒரு நாளும் குப்பையாகத் தோன்றியதில்லை. துணிதானே என்று இருந்துவிட்டாள்.

அவர் இன்னும் பையை விரித்துப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பியபடி, வராத நாற்றத்துக்காக மூக்கைச் சுருக்கியபடி நின்றார். ஜெயித்த களை அவர் முகத்தில் இருந்தது. "பாத்தேன், தப்பா நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் நாளைக்கும் கம்பத்தடியில் அது கிடக்கும். நாளைக்கு யாராவது மிதிப்பார்கள்.

"அண்ணே," என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு. "இதுல எல இருக்கு. எங் கடைத் துணி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் பைக்குள் கையை விட்டார். விரல்கள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தன. இலை, துணி, இலை. பிறகு மாப்பிள்ளையின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை எழுந்து வந்து அவர் காலடியில் படுத்தது. அப்போதுதான் அவள் வீட்டுக்குள் சரியாகப் பார்த்தாள். அடுப்புத் திருகில் சுற்றியிருந்த ரப்பர் வளையம், டப்பாக்களுக்கு ஒன்று, இரண்டு என்று கட்டியிருந்த கயிறுகள், போர்வை போர்த்திக் கிடந்த டிவி.

"நடுவுல தெரியலம்மா" என்றார். "ஓரம்தான் தெரியுது. உங்களப் பாத்தா தோள் தெரியும், முகம் இருக்கற எடத்துல ஒண்ணும் இருக்காது."

"எனக்கு தெனமும் கை ஆட்டுவீங்களே."

"ஜன்னல் தெரியும். நீங்க அங்கதான் இருப்பீங்கன்னு தெரியும். ஆட்டுவேன்."

அவள் உள்ளே இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலைகளிலும் அந்தக் கை காலி ஜன்னலுக்கு ஆடியிருக்கும்.

"மாப்பிள்ளையோட கயிறு எங்க போயி நிக்குதோ அங்கதான அது இருக்கும்? அங்கதான அள்ளுறேன்" என்றார் அவர். கேட்கிற குரலில் குழந்தைத்தனமான ஒரு குழப்பம்.

"அது முடிச்சதும் ரெண்டடி தள்ளிப் போயி மரியாதையா உக்காந்துக்குதுண்ணே. நீங்க அது உக்காந்த எடத்த அள்ளுறீங்க."

"எம் பொண்டாட்டி பழக்குனது" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவா. நான் எங்கயும் இருந்துப்பேன். இவன எங்க விடுறது?"

அவள் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கொண்டுவந்த விதி கூடவே வந்தது.

அன்று முதல் வெட்டிய துண்டுகளை ஒரு சாக்குப் பையில் போட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருவதற்குள் சாக்கு அவள் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. இவ்வளவையுமா காற்று தின்றது என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

"நீ சொல்லலேன்னா அப்புறம் இந்தத் தெருவுல உன் பேச்சுக்கு மதிப்பு இருக்காதுக்கா" என்றாள் தங்கை.

"சொன்னா?"

"நாய் போகும்."

"அவரும் போவாரு" என்றாள் டெய்லரம்மா.

தலைவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். "ஜன்னல் என்ன சொல்லுது?" என்று தலைவர் தொடங்கினார். டெய்லரம்மா எழுந்து சாக்கை நடுவில் வைத்து வாயைப் பிரித்துக் காட்டினாள்.

"இது நான் தெருவுல தள்ளுறது. தெனமும். குப்பைன்னு எனக்கே தெரியாம."

சிரிப்பு கிளம்பியது. தலைவர் கையமர்த்தினார். "துணிய யாரும்மா கேட்டா? நாய் யாருது?"

"அந்த அசிங்கம் இனிமே இருக்காது. நான் பொறுப்பு."

"யாருதுன்னு கேட்டேன்."

பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால், வாயில் குண்டூசி இருப்பது போல உதட்டை இறுக்கிக்கொள்வாள் அவள். இப்போதும் இறுக்கிக்கொண்டாள். ஏதோ தெருநாய் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"என்னோடதுதான்" என்றார் டிரைவர் அண்ணன். ஒரு கையில் கயிறு. மறு கை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. "எனக்குக் கண்ணு போயிடுச்சு. வண்டி ஓட்டுனவன், அதச் சொல்ல வாய் வரல. நல்லா அள்ளுறேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்."

தலைவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. டெய்லரம்மாவே கொண்டு வந்தது" என்றார்.

"கொண்டு வந்தது தப்பு" என்றாள் அவள். "அந்த விதிப்படி பாத்தா நான்தான் மொதல்ல தெருவ விட்டுப் போகணும். இவரு அவரு நாயோடத அள்ளல, வாஸ்தவம். ஆனா கண்ணு தெரியாம என்னோடத அள்ளியிருக்காரு. இங்க யாராவது அடுத்தவங்க குப்பைய ஒரு நாள் அள்ளியிருக்கமா?"

விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தச் சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்த எதுவும் திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

மகளுக்கு அன்று மாலையே அவரே போனில் சொல்லிவிட்டார். அவள் வந்து அழுதாள், சண்டை போட்டாள், கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். போனது திரும்பாது, ஓரத்துப் பார்வை நிற்கும் என்றார் டாக்டர். சில நாள் தங்கி, அப்பா காலையில் தெருவில் போய் வருவதைக் கவனித்துவிட்டு, "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டாள். அந்தப் பாக்கலாமில்தான் இன்றைக்கும் அவர் இருக்கிறார். பட்டுக்காரப் பாடகியும் திரும்பி வரவில்லை. எல்லாமே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் காலையில் மெஷின் கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் போடுகிறது. டெய்லரம்மா அவரோடு நடக்கிறாள். அவள் அள்ள வந்தால் அவர் விடுவதில்லை. அதனால் பக்கத்தில் நின்று, "பின்னாடி வாங்கண்ணே, இன்னும் கொஞ்சம், உங்க இடது பக்கம்" என்று சொல்லுவாள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் கொடுத்த குரலுக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பியதைப் போலவே அவர் கரண்டியைத் திருப்புவார். மாப்பிள்ளை இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அள்ளி முடித்துப் பையைக் கட்டியவர், செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பதை உணர்ந்து நின்றார். அவள் பதறிக் குனிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி, தானே அதை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"பழைய வெல்வெட்டு" என்றார். "உங்களுது." அவள் கையைத் தேடிப் பிடித்து அதை உள்ளங்கையில் வைத்தார்.