கூலண்ட் மணக்கும் சட்டை

தண்ணீர் மோட்டாரின் ஷாஃப்டைச் சரிசெய்ய இன்று லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். கடையும் இரும்பின் சூட்டைத் தணிக்க மெஷினில் வழிந்த கூலண்டின் புளித்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதுமே, இன்று லாரிகள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த கர்நாடக எல்லையோரத்து எங்கள் ஜூஜுவாடி லைன் வீடுகள் கண்முன் வந்தன.

ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் தமிழும் கன்னடமும் தெலுங்குமாகப் பேசியபடி பெண்கள் வாசலுக்கு வருவார்கள், ஆண்கள் அவரவர் கதவுக்குள் நுழைவார்கள். ஒருநாள் எங்கள் கதவு மட்டும் திறந்தே கிடந்தது, குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தும் அம்மா அதை இறக்கவில்லை, பக்கத்து அறை டிவியை யாரோ சட்டென்று நிறுத்தினார்கள், அப்புறம் கூலண்ட் மணக்கும் நீலச் சட்டை ஒன்று என்னை அள்ளி மார்போடு இறுக்கிக்கொண்டது.

அப்பாவைப் பற்றி என்னிடம் இருக்கும் ஒரே நினைவு அது. மெஷின் விபத்தில் அவர் போனது அதற்குப் பிறகு என்றே நம்பியிருந்தேன்.

பட்டறையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

“அது அப்பா இல்ல பாப்பா. அன்னிக்கு அப்பா வரவேயில்ல. பக்கத்து ரூம் மல்லேஷண்ணாதான் விஷயத்தச் சொல்ல வந்தாரு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உன்னத் தூக்கிக்கிட்டாரு.”

லேத் நின்றது. பட்டறைக்காரர் துணியில் கையைத் துடைத்தபடி என்னை நோக்கி வந்தார். அவர் சட்டையிலும் அதே வாசனை. எப்போதும் அந்த வாசனைக்கு மனசு இளகும்; இன்றுதான் முதல்முறையாக, இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன்.