பப்பாளிப் பாக்கெட்டில் பச்சை ஸ்டிக்கர்

பதினோரு வருஷமாக உலர்பழக் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவளுக்குப் பாகக்கா என்று பெயர் விழாமல் வேறென்ன விழும்? பத்துக் கிலோ பப்பாளித் துண்டுக்கு ஆறு கிலோ சர்க்கரை. ஒரு நாள் முழுக்க ஊறிய பிறகுதான் துண்டுகள் உலர்த்தும் அறைக்குப் போகும். அவளுக்கே சர்க்கரை நோய் என்பதால் விரலில் ஒட்டியதைக்கூட நக்கமாட்டாள்.

நாலு மாதத்துக்கு முன் சூப்பர்வைசர் பச்சை ஸ்டிக்கர் சுருள்களைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று அச்சடித்திருந்தது. பாகக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது எந்த ஊரு நியாயம் சார்? ஆறு கிலோ கொட்டுறது என் கையாலதான்."

"பழம்தானேக்கா. பேசாம ஒட்டுங்க."

வாய்க்குள் திட்டிக்கொண்டே ஒட்டினாள். ஒட்டித் தொலைத்தாளே, அதுதான் பிறகு அவள் நெஞ்சை அறுத்தது.

வேன் ஓட்டும் அவள் தம்பிக்கும் அதே நோய். கால் கட்டைவிரலில் புண் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றைக் குறைத்தான், டீயில் இனிப்பை நிறுத்தினான். சர்க்கரை அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. "திருட்டுத்தனமா எதையாவது திங்கிறியா?" என்று பாகக்காவே ஏசினாள்.

"எதையும் திருடித் திங்கலக்கா. பசிச்சா இதுதான், தினம் ஒண்ணு," என்று வேனிலிருந்து பச்சை ஸ்டிக்கர் பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். "நீ கை வைக்கிற சரக்கு, தப்பா இருக்குமா?"

பாகில் போடாத உலர்பழமே எண்ணி நாலு துண்டுதான் என்று பாகக்காவுக்குச் சர்க்கரை பார்க்கும் நர்ஸ் சொல்லியிருந்தார். நோயாளியின் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மனிதர்கள்தானா?

மறுநாள் சுருளை சூப்பர்வைசர் முன் வைத்தாள். "இதைச் சொன்ன டாக்டர் பேரை இதுலயே அச்சடிச்சுக் கொண்டாங்க. அதுவரைக்கும் ஒட்டமாட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தம்பி மாத்திரை வாங்கும் மருந்துக்கடைக்குப் போய் வாசலில் நின்றாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கின. இன்சுலின் வாங்க வந்த பெரியவர் ஒருவர் அதில் ஒன்றை இழுத்தார்.

"வேணாங்கய்யா. அதுல கிலோக்கணக்கா சர்க்கரை."

"உனக்கு எப்படித் தெரியும்மா?"

"காய்ச்சினது நான். ஸ்டிக்கர் ஒட்டினதும் நான். தின்னது என் தம்பி. திங்கக்கிழமை அவன் விரலை எடுக்கிறாங்க."